இழப்பின் கதைகளைக் காதால் படிக்க: புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு

அப்பா போன பிறகு எங்கள் வீட்டில் இரண்டு பேரால் படிக்க முடியாமல் போனது. அம்மாவுக்குக் கண் அழுத்த நோய். வார இதழின் எழுத்துகள்கூடக் கலங்கத் தொடங்கியிருந்தன. எனக்குக் கண்ணில் கோளாறு எதுவும் இல்லை. ஆனால் ஒரே பத்தியை நான்கு முறை படித்தும் என்ன படித்தேன் என்று தெரியாது. அம்மா சேலத்தில், கோரிமேட்டில் இருக்கிறார். அவரோடு தங்கிக்கொண்டு நான் தினமும் ஏற்காட்டுக்கு வேலைக்குப் போய் வருகிறேன். மலை இறங்கும் பஸ்ஸில் ஒருநாள், படிக்கத்தான் முடியவில்லை, யாராவது படித்துக் காட்டினால் கேட்கலாமே என்று தோன்றியது.

இரண்டு நாளில் ஏற்பாடு செய்துவிடலாம் என்று நினைத்தேன். ஏழு மாதம் ஆனது. இடையில் தேவையில்லாமல் போன பணம், வேலைக்கு ஆகாத ஒலிபெருக்கி, பாதியில் அறுந்த நாவல்கள், வெறுங்கையோடு திரும்பிய மருத்துவமனைப் பயணம். அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். காதலையும் பிரிவையும் சாவையும் பேசும் இலக்கியக் கதைகளைக் கேட்க விரும்புகிறவர்கள் இதை முழுக்கப் படியுங்கள். அச்சில் தாங்க முடியாத வரி வந்தால் கண் தானே அடுத்த பத்திக்குத் தாவிவிடும். காதுக்கு அப்படித் தாவத் தெரியாது. அதனால்தான் இவ்வளவு முன்னேற்பாடு.

1. பணம் கட்டும் முன் நேரத்தைக் கணக்கிடுங்கள்

ஒலிநூலின் நீளத்தை மணியில்தான் சொல்வார்கள். "12 மணி 40 நிமிடம்" என்று பார்த்ததும் மலைத்துவிடாதீர்கள். உங்கள் நாளில் காது சும்மா இருக்கும் நேரம் எது என்று ஒரு தாளில் எழுதுங்கள். கோரிமேட்டிலிருந்து ஏற்காடு போய்ச் சேர எனக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகிறது. போக வர இரண்டு மணி என்று முதலில் கணக்குப் போட்டேன். அது தப்பு. காலை பஸ்ஸில் நிற்க இடம் கிடைத்தாலே பெரிது. ஒரு கையில் கம்பி, இன்னொரு கையில் சில்லறை, இதில் கதை மனதில் நிற்காது. மாலையில் இறங்கும்போது ஜன்னல் ஓரம் கிடைக்கும். ஆக நாளுக்கு ஒரு மணி, வாரத்துக்கு ஐந்து மணி. 12 மணி நேர நாவல் எனக்கு இரண்டரை வாரம்.

அம்மாவுக்கு மதியம் இரண்டிலிருந்து நான்கு வரை ஓய்வு. இரவிலும் தூக்கம் வராமல் கிடப்பார். மாலை ஆறு மணிக்கும் கொஞ்ச நேரம் வைக்கலாமா என்று கேட்டேன். "அந்த நேரம் வேண்டாம். உன் அப்பா வந்து வண்டியை நிறுத்துகிற நேரம் அது" என்றார். உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு நேரம் இருக்கும். கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அந்த நேரத்தில் எந்தக் கதையும் ஓட வேண்டாம்.

2. இலவசமாக, முறைப்படி கிடைப்பதில் தொடங்குங்கள்

இந்தியாவில் ஒரு நூலின் பதிப்புரிமை, அதை எழுதியவர் மறைந்த பின் 60 ஆண்டுகள் வரை இருக்கும். அதன் பிறகு யார் வேண்டுமானாலும் வாசித்துப் பதிவு செய்து வெளியிடலாம். தமிழ்நாடு அரசு பல எழுத்தாளர்களின் நூல்களை நாட்டுடைமையாகவும் ஆக்கியிருக்கிறது. அதனால் பழைய இலக்கியத்தில் கணிசமான பகுதியைச் சட்டப்படியே இலவசமாகக் கேட்க முடியும். யூடியூபில் ஆர்வலர்கள் வாசித்து ஏற்றியவை நிறைய. 2005-ல் தொடங்கிய லிப்ரிவாக்ஸ் என்ற தன்னார்வலர் தளத்தில் தமிழ்ப் பதிவுகள் குறைவு என்றாலும், கோப்பாகவே இறக்கி வைத்துக்கொள்ளலாம்.

இங்கே ஏமாறும் இடங்கள் மூன்று.

முதலாவது, "முழு நாவல்" என்ற தலைப்பு. நான் முதலில் கேட்ட நாவல் இரண்டு மணி பத்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. கடைசியில் அந்தப் பெண்ணுக்கு என்ன ஆனது என்றே தெரியவில்லை. இதுதான் ஆசிரியர் விரும்பிய முடிவு போலும் என்று மூன்று நாள் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகு அச்சு நூலைப் பார்த்தால் 42 அத்தியாயங்கள். நான் கேட்டது 17. ஆகவே கேட்கும் முன் அச்சு நூலின் அத்தியாய எண்ணிக்கையைப் பாருங்கள். பதிவில் அத்தனை பகுதிகள் இருக்கின்றனவா என்று எண்ணுங்கள். இரண்டு நிமிட வேலை.

இரண்டாவது, விளம்பரம். கதையில் ஒருவர் கண்ணை மூடிய அடுத்த நொடி சலவைத்தூள் விளம்பரம் அலறும். துயரக் கதையை இணையத்தில் நேரடியாக ஓட விடாதீர்கள். இறக்கி வைத்துக்கொள்ள முறையான வழி இருக்கும் பதிவையே தேர்ந்தெடுங்கள்.

மூன்றாவது, உயிரோடு இருக்கும் எழுத்தாளர்களின் நூல்களை அவர்களுக்குத் தெரியாமலே யாரோ ஏற்றியிருப்பது. தமிழில் நாவல் எழுதி வரும் தொகையே சொற்பம். அதையும் நாம் எடுத்துக்கொள்ள வேண்டாம். எழுத்தாளரோ பதிப்பகமோ வெளியிட்ட பதிவுதானா என்று பார்த்துக் கேளுங்கள்.

இதோடு மாவட்ட மைய நூலகத்திலோ உங்கள் கிளை நூலகத்திலோ உறுப்பினராகிவிடுங்கள். முகவரிச் சான்று கொண்டு போங்கள்; காப்புத்தொகையும் சந்தாவும் சிறு தொகைதான். காதால் கேட்கிறவருக்கு அச்சு நூல் எதற்கு என்று தோன்றலாம். ஒரு வரி காதில் விழுந்து மனதில் தங்கிவிட்டால், அது எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று கண்ணால் பார்க்கும் ஆசை வரும். எனக்குப் படிக்கும் பழக்கம் திரும்பி வந்தது அப்படித்தான்; ஒரு வரியைத் தேடப் போய், அந்தப் பக்கத்தைப் படித்தேன்.

3. சந்தா கட்டுவதானால்

ஸ்டோரிடெல், குக்கூ எஃப்எம் போன்ற செயலிகளில் தமிழ் நூல்கள் கிடைக்கின்றன. சேரும் முன் கேட்க விரும்பும் பத்து நூல்களை எழுதி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் தேடுங்கள். நான்குகூட இல்லை என்றால் அந்தச் செயலி உங்களுக்கானது அல்ல. தேடும்போது "காதல்" என்ற பிரிவுக்குள் போகாதீர்கள். அங்கே நூறு பாகம் ஓடும் தொடர்கள்தான் முதலில் வரும். எழுத்தாளர் பெயரைத் தட்டச்சு செய்து தேடுங்கள். தமிழில் தேடி வராவிட்டால் ஆங்கில எழுத்திலும் தேடுங்கள். பல நூல்களின் பெயர் அப்படித்தான் பதிவாகியிருக்கிறது.

அடுத்து, பணம். நான் முதலில் சேர்ந்த செயலி எது என்பது முக்கியமில்லை; எங்கும் இது நடக்கலாம். ஏழு நாள் இலவசம் என்று சேர்ந்தேன். சேரும்போதே யுபிஐ தானியங்கிக் கட்டணத்துக்கு ஒப்புதல் கொடுத்தேன். குரல் பிடிக்கவில்லை, நான்காம் நாள் செயலியை நீக்கிவிட்டேன். எட்டாம் நாள் ஓராண்டுத் தொகை முழுவதும் கணக்கிலிருந்து போய்விட்டது. செயலியைப் போனிலிருந்து நீக்குவது வேறு, சந்தாவை நிறுத்துவது வேறு. இதை எனக்கு யாரும் சொல்லவில்லை.

ரிசர்வ் வங்கி விதிப்படி, தானியங்கிக் கட்டணம் எடுப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்பே உங்களுக்கு அறிவிப்பு வர வேண்டும். எனக்கும் வந்திருந்தது; துக்க வீட்டில் யார் குறுஞ்செய்தி பார்க்கிறார்கள்? 15,000 ரூபாய் வரையிலான இத்தகைய கட்டணத்துக்கு ஒவ்வொரு முறையும் ஓடிபி கேட்காது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். ஒலிநூல் சந்தா எல்லாம் அந்த வரம்புக்குள்தான் வரும்.

ஆகவே சேர்ந்த அன்றே, இலவசக் காலம் முடிவதற்கு இரண்டு நாள் முந்தைய தேதியில் சுவர்க் காலண்டரில் வட்டம் போடுங்கள். நிறுத்துவதானால் மூன்று இடங்களில் பாருங்கள்: செயலிக்குள் உங்கள் கணக்குப் பக்கம், பிளே ஸ்டோரில் சந்தாக்கள் பகுதி, யுபிஐ செயலியில் தானியங்கிக் கட்டணப் பகுதி. மூன்றாவதில் உங்கள் ஒப்புதலை நீங்களே ரத்து செய்துவிடலாம்.

ஓராண்டுச் சந்தா மலிவாகத் தெரியும். துக்கத்தில் இருப்பவர்கள் அதை எடுக்க வேண்டாம் என்பதே என் கருத்து. ஒரு மாதம் நாளுக்கு மூன்று மணி நேரம் கேட்பீர்கள். அடுத்த மாதம் முழுக்கக் கதை என்ற பேச்சே பிடிக்காது. மாதச் சந்தா எடுங்கள். பிடிக்காத மாதத்தில் நிறுத்துங்கள்.

4. கருவி

இயர்போன் கம்பி உள்ளதாகவே இருக்கட்டும். நான் வாங்கியது 350 ரூபாய். கம்பியில்லாதது பஸ் நெரிசலில் ஒருமுறை கீழே விழுந்தால் அவ்வளவுதான். சார்ஜும் நல்ல கட்டத்தில்தான் தீரும்.

வீட்டில் இருப்பவருக்குப் பெரிய பொத்தான்கள் கொண்ட, மெமரி கார்டு போடக்கூடிய சிறிய ஒலிபெருக்கி நல்லது. தொடுதிரை அம்மாவுக்குச் சரிப்படவில்லை. விரலால் தடவித் தடவிக் கதை எங்கேயோ போய்விடும். இதில் எனக்கு 1,100 ரூபாய் செலவு. அதற்கு முன் வேறொன்றை வாங்கி அதே தொகையை வீணாக்கினேன். அணைத்துவிட்டுத் திரும்பப் போட்டால் அது முதல் கோப்பிலிருந்து தொடங்கும். ஒவ்வொரு மதியமும் அதே கல்யாணம், அதே ஊர்வலம். கடையிலேயே ஒரு கோப்பை ஓடவிட்டு, பாதியில் அணைத்து, மறுபடி போட்டுப் பாருங்கள். விட்ட இடத்திலிருந்து பாடினால் மட்டும் வாங்குங்கள்.

இன்னும் சில விவரங்கள். சந்தாச் செயலிக்குள் இறக்கிய நூலைக் கார்டில் ஏற்ற முடியாது. அது செயலிக்குள்ளேயே பூட்டப்பட்டிருக்கும். எம்பி3 கோப்பாகக் கிடைப்பதை மட்டுமே ஏற்றலாம். கோப்புகளுக்கு 01, 02 என்று முன்னால் எண் கொடுங்கள். இல்லையென்றால் பத்தாம் அத்தியாயம் இரண்டாவதற்கு முன்னால் ஓடும். பேச்சுக்குப் போதுமான 64 கேபிபிஎஸ் தரத்தில் ஒரு மணி நேரப் பதிவு ஏறக்குறைய 29 எம்பி பிடிக்கும். 12 மணி நேர நாவல் 350 எம்பி. 32 ஜிபி கார்டில் ஆயிரம் மணி நேரத்துக்கு மேல் கொள்ளும். பெரிய கார்டுக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

ஒலிபெருக்கியில் ஆறு பொத்தான்கள் இருந்தன. ஆறும் ஒரே மாதிரி. எது நிறுத்துவது, எது முன்னால் தள்ளுவது என்று அம்மாவுக்கு விரலில் தெரியவில்லை. பருத்தித் துணியை ஒட்டிப் பார்த்தேன், உரிந்துவிட்டது. கண்ணாடி மேசையின் இழுப்பறையில் அம்மாவின் ஸ்டிக்கர் பொட்டு அட்டை ஒன்று கிடந்தது. மேல்புறம் வெல்வெட் போல இருக்கும் மெரூன் நிறப் பொட்டு. பாதிக்கு மேல் மீதம் இருந்தது. எடுக்கலாமா என்று தயங்கி நின்றேன். அம்மாவே வாங்கி, நகத்தால் ஒன்றை உரித்து, என் விரலைப் பிடித்து, "எந்தப் பொத்தான், காட்டு" என்றார். ஓட்டவும் நிறுத்தவும் ஒரே பொத்தான். அதன் நடுவில் ஒட்டினோம். அன்றிலிருந்து அவர் யாரையும் கூப்பிடுவதில்லை.

5. பார்வை குறைந்தவர்களுக்கு: சான்றும் நூலகமும்

வீட்டில் அச்சு நூல் படிக்க இயலாதவர் இருந்தால் சுகம்ய புஸ்தகாலயா என்ற இணைய நூலகத்தில் சேர்த்துவிடுங்கள். 2016-ல் மத்திய அரசின் மாற்றுத்திறனாளிகள் நலத் துறையும் டெய்சி ஃபோரம் ஆஃப் இந்தியா அமைப்பும் சேர்ந்து தொடங்கியது. பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-ல் செய்த திருத்தம், மாற்றுத்திறனாளிகள் படிப்பதற்காக எந்த நூலையும் லாப நோக்கின்றி வேறு வடிவத்துக்கு மாற்ற இடம் கொடுக்கிறது. அதனால் இன்று எழுதுகிறவர்களின் நூல்களும் அங்கே வர முடிகிறது.

உறுப்பினராக மாற்றுத்திறனாளி என்பதற்கான சான்று வேண்டும். அதற்கு யுடிஐடி என்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டை எடுப்பதே நல்லது. மற்ற உதவிகளுக்கும் அதுவே பயன்படும். மத்திய அரசின் ஸ்வாவலம்பன் இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும், கட்டணம் இல்லை. தேவையானவை: ஆதார், பாஸ்போர்ட் அளவுப் புகைப்படம், கையெழுத்து அல்லது கைரேகையின் படம், முகவரிச் சான்று. விண்ணப்பத்தில் மருத்துவமனையைத் தேர்ந்தெடுத்த பிறகு அங்கே போய்ப் பரிசோதனைக்கு உட்கார வேண்டும். இணையத்தில் தாங்களே விண்ணப்பிக்க முடியாதவர்கள் இ-சேவை மையத்தில் உதவி கேட்கலாம்.

நாங்கள் அலைந்தது எங்கெங்கே என்று சொல்கிறேன்.

அம்மாவின் ஆதாரில் இருந்தது அப்பாவின் போன் எண். அப்பா போன பிறகு அந்த எண்ணுக்கு யாரும் ரீசார்ஜ் செய்யவில்லை, இணைப்பு போய்விட்டது. இப்போது ஓடிபி அந்த எண்ணுக்குத்தான் போகிறது. ஆதார் மையத்துக்கு அம்மாவை நேரில் அழைத்துப்போய், விரல் ரேகை வைத்து, என் எண்ணைச் சேர்த்த பிறகுதான் அடுத்த அடி வைக்க முடிந்தது. இறந்தவரின் சிம்மை அணைக்கும் முன், வீட்டில் யார் யாருடைய ஆதார், வங்கிக் கணக்கு, எரிவாயு இணைப்பு அந்த எண்ணில் இருக்கிறது என்று பாருங்கள். எல்லாவற்றையும் மாற்றிய பிறகு விடுங்கள். இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதானால் இதை வையுங்கள்.

அடுத்து, கண் அழுத்த நோய் உள்ளவர்களுக்கு நடுப்பார்வை ஓரளவு இருக்கும். பக்கவாட்டுப் பார்வைதான் சுருங்கும். சுவரில் உள்ள எழுத்துகளை அம்மா மெல்ல மெல்ல வாசித்துவிட்டார். அதனால் பாதிப்பு எவ்வளவு என்று சொல்லப் பார்வைப் புலப் பரிசோதனை அறிக்கை தேவைப்பட்டது. அது எங்கள் கையில் இல்லை, திரும்பி வந்தோம். நீங்கள் போகும்போது அந்த அறிக்கையை, சமீபத்தில் எடுத்ததாக, கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள். அறுவைச் சிகிச்சை நடந்திருந்தால் அந்தத் தாளும் வேண்டும்.

மூன்றாவது, முன்னெழுத்து. ஆதாரில் பெயருக்குப் பின்னால், மருத்துவக் கோப்பில் பெயருக்கு முன்னால், வங்கியில் கணவர் பெயர் முழுதாக. ஆதாரில் உள்ளபடியே எல்லா இடத்திலும் எழுதுங்கள்.

விண்ணப்பித்த நாளிலிருந்து அட்டை கைக்கு வர எங்களுக்கு மூன்றரை மாதம் ஆனது. அதுவரை இலவசப் பதிவுகள் போதும், காத்திருக்க வேண்டாம்.

அந்த நூலகத்தில் எல்லாம் மனிதக் குரலில் இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். எழுத்துக் கோப்பாக வருவதைப் போனின் இயந்திரக் குரல்தான் வாசிக்கும். கட்டுரைக்கு அது போதும். அம்மா மிகவும் கேட்ட ஒரு சிறுகதைத் தொகுப்புக்கு மனிதக் குரலே கிடைக்கவில்லை. நானே வாசித்துப் பதிவு செய்தேன். துணி அடுக்கிய பீரோவைத் திறந்து வைத்து அதன் முன் உட்கார்ந்தால் எதிரொலி குறையும். ஒரு பதிவு இருபது நிமிடத்துக்குள் இருக்கட்டும்; அதற்கு மேல் தொண்டை காய்ந்து குரல் மாறிவிடும். பார்வை இல்லாத ஒருவருக்காக இப்படிச் செய்யச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் அதைப் பொதுவில் ஏற்றிவிடாதீர்கள்.

6. நூலுக்கு முன் குரலைத் தேர்ந்தெடுங்கள்

எந்த நூல் என்று முதலில் கேட்காதீர்கள். யார் வாசிக்கிறார் என்று கேளுங்கள். நல்ல கதையைக் கெட்ட குரல் கொன்றுவிடும்.

ஒரே கதையை இரண்டு பேர் வாசித்துக் கேட்டோம். இறந்தவரின் அலமாரியில் இருந்த பொருட்களைச் சொல்லும் ஒரு பத்தி வரும். முதலாமவர் அந்த இடத்தில் குரலை நடுங்கவிட்டார். பின்னால் வயலின் வேறு. அம்மா, "யாரோ பக்கத்து வீட்டில் அழுகிறார்கள் போல இருக்கிறது" என்றார். இரண்டாமவர் மளிகைச் சீட்டைப் படிப்பதுபோல் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு போனார். வேட்டி, துண்டு, கண்ணாடிக் கூடு. "நிறுத்து" என்றார் அம்மா. எழுந்து போய் எங்கள் பீரோவைத் திறந்தார். அப்பாவின் கண்ணாடிக் கூடு வைத்த இடத்திலேயே இருந்தது. அதை எடுக்கவில்லை, மேலே கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு வந்து உட்கார்ந்து, "ம், போடு" என்றார்.

அந்த இரண்டாவது குரலைத்தான் தேட வேண்டும். தான் அழாமல், கேட்பவருக்கு இடம் விடும் குரல். ஐந்து நிமிடம் கேட்டாலே கண்டுபிடித்துவிடலாம். முற்றுப்புள்ளிக்குப் பின் நிற்கிறாரா? ழகரமும் ணகரமும் தெளிவாக வருகின்றனவா? உரையாடலில் ஆளுக்கு ஒரு குரலாக மாற்றி நாடகம் போடாமல், தொனியிலேயே வித்தியாசம் காட்டுகிறாரா? பின்னணி இசை இருந்தால் வேண்டாம் என்று ஒதுக்கிவிடுங்கள். துயரக் கதைக்கு இசை போடுகிறவர் எழுத்தை நம்பவில்லை என்று அர்த்தம்.

இயந்திரக் குரலை இப்போது எளிதில் கண்டுபிடிக்க முடிவதில்லை. "பாவம்" என்ற சொல் வரும் இடத்தைக் கவனியுங்கள். முகபாவத்தைச் சொல்லும் பாவமும் பாவ புண்ணியத்தின் பாவமும் எழுத்தில் ஒன்று, ஒலியில் வேறு. கதை புரிந்து வாசிக்கிறவர் இரண்டையும் குழப்ப மாட்டார்.

வட்டார வழக்குக்கு இருபது நிமிடம் அவகாசம் கொடுங்கள். நம் பக்கத்துக் காதுக்கு நெல்லைப் பேச்சும் நாஞ்சில் பேச்சும் முதலில் ஓட்டமாகத் தெரியும். முதல் கதையில் அம்மாவுக்குப் பாதி புரியவில்லை. மூன்றாவது கதையில் அந்த வழக்கில் ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு என்னிடமே பேசினார். வேகத்தைக் கூட்டும் வசதியைத் தொடவே வேண்டாம். ஒன்றரை மடங்கு வேகத்தில் யாருக்காகவும் துக்கப்பட முடியாது.

7. எதில் தொடங்குவது

நாவலில் தொடங்காதீர்கள். பஸ் பயணத்துக்குள் முடியும் சிறுகதையாக இருக்கட்டும்.

நான் பட்டுத் தெரிந்துகொண்ட ஒன்று உண்டு. புதிதாக இழந்தவர்கள், சாவு கடைசியில் திடீரென வரும் கதையைத் தவிர்க்க வேண்டும். சாவு தொடக்கத்திலேயே வந்துவிடும் கதையைத் தேடுங்கள். நடந்தது நடந்துவிட்டது என்று தெரிந்த பிறகு, அந்த இரண்டு பேரும் எப்படி வாழ்ந்தார்கள் என்பதை நிதானமாகக் கேட்கலாம். புதுமைப்பித்தனின் "செல்லம்மாள்" அப்படிப்பட்ட கதை. மனைவியின் மூச்சு அடங்குவதில் தொடங்கி, கணவர் அவளைக் கவனித்துக்கொண்ட நாட்களுக்குத் திரும்பிப் போகும். காதல் என்ற பேச்சே அதிகம் இல்லாமல், மருந்தும் கஞ்சியும் கடை வேலையுமாக ஒரு தாம்பத்தியம் முழுவதும் காதில் வந்து விழும். 1948-ல் மறைந்தவர் என்பதால் பதிப்புரிமை முடிந்துவிட்டது. உரிமைச் சிக்கல் இல்லாமல் கேட்கலாம்.

கதைகூட நீளம் என்று தோன்றும் நாட்களுக்குச் சங்கப் பாடல்கள். குறுந்தொகையில் கடவுள் வாழ்த்தோடு 402 பாடல்கள், எல்லாம் சிறியவை. பாட்டு, பொருள், மறுபடி பாட்டு என்ற வரிசையில் வாசித்திருக்கும் பதிவைத் தேடுங்கள். இரண்டாம் முறை கேட்கும்போதுதான் பாட்டு திறக்கும். பிரிவுக்குப் பாலை, காத்திருப்புக்கு முல்லை, இரங்கலுக்கு நெய்தல் என்று நம்மவர்கள் வகுத்து வைத்திருப்பது தேடுவதற்கும் வசதி. இறந்தவருக்காகப் புலம்பும் கையறுநிலைப் பாடல்கள் புறநானூற்றில் இருக்கின்றன. அவற்றைக் கொஞ்ச நாள் கழித்துக் கேளுங்கள்.

8. மலைப்பாதையில் கேட்கிறவர்களுக்கு

அடிவாரத்திலிருந்து ஏற்காடு வரை 20 கொண்டை ஊசி வளைவுகள். இடையில் எத்தனையோ இடத்தில் சிக்னல் போய்விடும். தொடங்கிய புதிதில் நான் எதையும் இறக்கி வைக்காமல் நேரடியாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். கதையில் ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். டாக்டர் வெளியே வந்து அவள் பெயரைச் சொல்கிறார். அங்கே குரல் நின்றுவிட்டது. மூடுபனி; ஜன்னலுக்கு வெளியே சில்வர் ஓக் மரங்களும் அவற்றில் ஏறிய மிளகுக் கொடிகளும் பாதிதான் தெரிந்தன. ஏழெட்டு வளைவு இறங்கும் வரை அந்த வராந்தாவிலேயே உட்கார்ந்திருந்தேன். நான் உட்கார்ந்திருந்த வராந்தா வேறு. டாக்டர் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும்.

ஆகவே வீட்டிலேயே இறக்கி வைத்துக்கொண்டு கிளம்புங்கள். பஸ் புறப்படும் முன் போனை விமானப் பயன்முறையில் போட்டுப் பார்த்தால், கோப்பு முழுதாக இறங்கியிருக்கிறதா என்று தெரிந்துவிடும். மலைப்பாதையில் வண்டி ஓட்டுகிறவர்கள் எந்தக் கதையும் கேட்கக் கூடாது. பயணிகளும் ஒரு காதைத் திறந்து வைத்திருங்கள்.

இறங்கும் இடத்துக்குப் பத்து நிமிடம் முன்பே கதையை நிறுத்திவிடுங்கள். நான் கோரிமேட்டில் இறங்கி நேராக வீட்டுக்குள் போய் அம்மாவிடம் எரிந்து விழுந்த நாட்கள் உண்டு. கதையில் இருந்த கோபம் அது. இப்போது அடிவாரம் வந்ததும் இயர்போனைச் சுருட்டிப் பையில் வைத்துவிடுகிறேன்.

இரவில் கேட்கிறவர்கள், குறித்த நேரத்தில் கதையைத் தானே நிறுத்தும் ஸ்லீப் டைமரை முப்பது நிமிடத்துக்கு வையுங்கள். இல்லையென்றால் நீங்கள் தூங்கிய பிறகு கதை நான்கு சாவுகளைத் தாண்டிப் போயிருக்கும். காலையில் எங்கே விட்டோம் என்று தேட வேண்டியிருக்கும். பின்னால் தள்ளும் பொத்தானைப் பயன்படுத்தக் கூச்சப்படாதீர்கள். நல்ல வரியை மூன்று முறை கேட்பதற்காகத்தானே இத்தனையும்.

கேட்ட பிறகு நெஞ்சு கனப்பது இயல்பு. ஆனால் வாரக்கணக்கில் தூக்கமும் சாப்பாடும் போய், எதிலும் மனம் ஒட்டாமல் இருந்தால், கதைகளை எடுத்து வைத்துவிட்டு 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்கு அழையுங்கள். மத்திய அரசின் இலவச மனநல உதவி எண், தமிழிலும் பேசலாம். நானும் ஒருமுறை அழைத்திருக்கிறேன்.

பராமரிப்பு என்று பெரிதாக எதுவும் இல்லை. மாதம் ஒருமுறை கார்டில் கேட்டு முடித்ததை எடுத்துவிட்டுப் புதியதை ஏற்றுங்கள். எடுக்கும் முன் கேட்டுக்கொள்ளுங்கள். அம்மா இரண்டு கதைகளை எடுக்கவே விடுவதில்லை. பொத்தானில் ஒட்டிய பொட்டின் பசை இரண்டு மாதத்தில் விட்டுவிடும், விளக்கெண்ணெய்க் கைபட்டால் அதற்கும் முன்பே. துணியால் துடைத்துவிட்டுப் புதிதாக ஒன்றை ஒட்டுங்கள். எங்கள் அட்டையில் இன்னும் ஒன்பது இருக்கின்றன.